தைக்குத் தை அழியும் பூ

கொங்கு நாட்டுச் சுவர்களில் மிக அதிகமாகப் பதிந்த அச்சு எதுவென்று கேட்டால் வரட்டி என்றுதான் சொல்வேன். கட்டுத்தறிக்குப் பின்னால் வெயில் நேராக விழும் மண்சுவரில் ஈரச் சாணியை உருட்டிப் பட்டென்று அடித்து, ஐந்து விரலும் அழுந்தக் கையை எடுத்துவிட்டு அடுத்த உருண்டைக்குக் குனிவார்கள். வரிசை தப்பாது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம். காய்ந்ததைப் பேர்த்து அடுக்கினால் சுவரில் வெளிறிய வட்டம் மிஞ்சும், மறுநாள் அதன் மேலேயே புது வரிசை ஏறும். அடித்தவர்கள் இதை அலங்காரம் என்று நினைக்கவில்லை. அடுப்பெரிய வேண்டும், அவ்வளவே. இருந்தாலும் சுவரை அச்சால் நிரப்புகிற வேலைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. ஒரே வடிவம், கை எட்டும் உயரம், கண்ணளவில் இடைவெளி, வைத்தது அழிந்துபோவதில் சம்மதம்.

கடைசியாகச் சொன்ன அந்தச் சம்மதம் எங்கே போனது என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

தெரிந்தே அழகுக்காக அச்சு வைத்தது மாட்டுக்கு. பட்டிப் பொங்கலன்று குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி முடித்ததும் பெரியவர்கள் நகர்ந்துவிடுவார்கள். மிச்சச் சாயம் பிள்ளைகளுக்கு. டம்ளரின் வாயைச் சாயத்தில் தோய்த்துப் பசுவின் வயிற்றில் வைத்தால் ஒரு வட்டம். வளையலைத் தோய்த்தால் அதைவிட மெல்லிய வட்டம். காங்கயம் கன்று செம்மயிரோடு பிறந்து, வளர வளர வெளுத்துச் சாம்பல் ஏறும் இனம். அதனால் கன்றின் மேல் நீலம் எடுபடாது, தாய்ப்பசுவின் மேல் அள்ளும். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் நிற்கும் என்ற பாடத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்தது அங்கேதான். பசு தோலைச் சிலிர்க்கும், வட்டம் முட்டையாகும். நாலு குளிப்பாட்டலில் எல்லாம் போய்விடும். அதற்காக யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

சுவரும் அப்படித்தான் இருந்தது. மார்கழி பாதியிலேயே தொட்டியில் சுண்ணாம்பு நீறத் தொடங்கிவிடும். போகிக்கு மாலையில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதற்குள் ஆசாரம், அடுப்படி, திண்ணை எல்லாம் வெளுத்தாக வேண்டும். சுண்ணாம்பு எங்கிருந்தோ வந்த பொருளும் அல்ல. எங்கள் காடுகளில் ஏர்க்கொழு இடறும் சுக்கான்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. கோவையில் குனியமுத்தூர் பக்கம் ‘சுண்ணாம்புக் காளவாய்’ என்றே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. காளவாய் புகைந்ததைப் பார்த்த தலைமுறை போய்விட்டது, நடத்துனர் மட்டும் கூவிக்கொண்டிருக்கிறார். அதே பாலக்காட்டுச் சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளினால் மதுக்கரை. 1934-இல் அங்கே சிமென்ட் ஆலை வந்தது. ஊர்க் காளவாயில் வெந்த அதே கல், ஆலைக்குள் போய் மூட்டையாகத் திரும்பி வந்தது.

சுண்ணாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. முதன்முறை வெள்ளையடிப்பவர் எல்லோரும், தண்ணீர் அதிகமாகிவிட்டது போல என்று இன்னும் இரண்டு கை சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக் கெடுத்துக்கொள்வார்கள். ஈரம் வற்ற வற்றத்தான் வெள்ளை மேலே வரும். அதற்கும் பிறகு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சிச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. சூளையில் எது பிரிந்து போனதோ அதைச் சுவரில் உட்கார்ந்துகொண்டு திரும்பப் பெறுகிறது.

என் அம்மிச்சி செம்மண் பூசிய திண்ணைச் சுவரில் கை வைப்பாள். உள்ளங்கை வெந்துவிடாமலிருக்க முதலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். சுண்ணாம்பில் தோய்த்து, ஒரு உதறு உதறி, சுவரில் வைத்து, மூச்சு விடும் நேரம் பொறுத்து எடுப்பாள். எடுத்த இடத்தில் ஈரத்தைத் தவிர ஒன்றும் இருக்காது.

“வெச்சதே தெரியிலியே அம்மிச்சி?”

“பொழுது சாயட்டும், பாரு கண்ணு.”

பார்க்காமலே வரிசை பிடித்து வைத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் திண்ணை முழுக்கக் கைகள் இருக்கும். நடுவில் ஒன்று விரல் நழுவி ஆறு விரலாக இருக்கும். அழிக்க மாட்டாள். எப்படியும் அடுத்த தைக்குச் செம்மண் பூசத்தானே போகிறோம் என்பாள்.

நிறங்களும் இந்தக் கணக்குக்கு ஏற்றவையாகவே இருந்தன. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாவதை ஆரத்தித் தட்டில் பார்க்காதவர் இல்லை. ஈரோட்டை ஒட்டிய ஊர்களில் மஞ்சளுக்கு என்ன பஞ்சம். ஆனால் அந்தச் சிவப்பில் அச்சு வைத்தால் வெயில் சில வாரங்களில் தின்றுவிடும். மஞ்சளின் நிறம் வெளிச்சம் தாங்காது. துணிக்குப் போடும் நீலம் சுண்ணாம்போடு கலந்து குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் பிசிறு பிசிறாகத் திட்டு விழும். நின்று பிடிப்பது காவி ஒன்றுதான். அது இரும்பின் துரு. சுண்ணாம்பின் காரமும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. கோயில் மதிலில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடிப்பதற்கு இந்த இரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதில் பக்திக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வேதியியலுக்கும் இருக்கிறது. கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் அந்தச் செம்மண் ஏராளமாக இருந்தது. பெரும்பகுதி செங்கல் சூளைகளுக்குப் போயிற்று. 2021-இல் அந்தச் சூளைகள் மூடப்பட்டபோது மிஞ்சியிருந்தது ஆழமான குழிகள்.

கார்த்திகையிலிருந்து வெள்ளையடிப்பு வரைக்கும் உள்ள நாட்களில் சுவர் எங்களுடையது. அழுக்கேறி, எண்ணெய்த் தலை சாய்ந்து, மூலையில் கரையான் கோடு போட்டு, அடுத்து வெளுக்கப்படக் காத்திருக்கும் சுவர். கரித்துண்டால் கிறுக்கலாம். குறுக்கே வெட்டிய வெண்டைக்காயைக் காவியில் தோய்த்துப் பொடக்காளிச் சுவர் நெடுக வைக்கலாம். ஒரு வெண்டைக்காயில் ஐந்து இதழ் பூ வரும், முற்றிய காயில் விதைக்குழிகளும் சேர்ந்து விழும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் சன்னல் சன்னலாகக் கண்ணறை. இதைப் பெரியவர்கள் தடுக்காததற்குக் காரணம் கலையார்வம் என்று சொன்னால் அது பொய். அவர்களுக்கு அந்தச் சுவரைப் பற்றிக் கவலையில்லை. சுவர் இன்னும் ஒரு மாதத்தில் புதிதாகப் போகிறது. அந்தக் கவலையின்மைதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஸ்னோசெம் வந்தது, டிஸ்டெம்பர் வந்தது. டிஸ்டெம்பர் காலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ரப்பரில் பூவும் கொடியும் செதுக்கிய உருளையை வைத்துக்கொண்டு பெயிண்டர்கள் இளம்பச்சைச் சுவரின் மேல் தங்க நிறக் கொடியை மேலிருந்து கீழ்வரை உருட்டிக்கொண்டு வந்த காலம் அது. பணம் கொஞ்சம் குறைந்தால் பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி ஸ்டென்சில். யாருடைய நெஞ்செலும்போ மேலே மங்கலாகத் தெரிய, நடுவில் தாமரை வெட்டியிருக்கும். இங்கிலாந்தில் 1712-இல் அச்சடித்த சுவர்க்காகிதத்துக்கு வரி போட்டபோது, வெறுங்காகிதத்தை வாங்கி ஒட்டிவிட்டு அதன் மேல் ஸ்டென்சில் வைத்து வரியை ஏமாற்றினார்களாம். 1836 வரைக்கும் அந்த வரி இருந்தது. ஏழைப்பட்டவன் சுவருக்கு எக்ஸ்ரே பிலிம், வரிக்குப் பயந்தவன் சுவருக்கு ஸ்டென்சில். அச்சு எப்போதும் இப்படிப் பின்வாசல் வழியாகவே வந்திருக்கிறது.

எமல்ஷன் வந்ததும் கதை மாறியது. எட்டு வருடம், பத்து வருடம் என்று டப்பாவின் மேலேயே உத்தரவாதம். துடைத்தால் போகும், மழைக்கு உரியாது, பாசி பிடிக்காது. இதெல்லாம் உண்மைதான். வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து வெந்த கைகளுக்கு அது விடுதலை, அதை மறுக்கிறவன் ஒரு நாள் தொட்டியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் பத்து வருடம் இருக்கப் போகிற சுவரில் ஒரு பிள்ளை வெண்டைக்காயோடு போக முடியாது. நிறத்தைத் தேர்வு செய்வதே ஒரு வாரப் பஞ்சாயத்து. அட்டையைப் புரட்டி, மேஸ்திரியைக் கேட்டு, மைத்துனன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, கடைசியில் எல்லோரும் சந்தன நிறம் அடிக்கிறார்கள். அவிநாசி சாலையில் எந்த அடுக்குமாடிக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அதே சந்தனம். தவறு செய்தால் பத்து வருடம் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும் என்ற பயத்தின் நிறம் அது.

வெளிச்சுவரில் இந்தப் பயம் இல்லை என்பது வேடிக்கை. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் இருக்கிறது. தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்சிக்காரர்கள் சுவரைப் ‘பிடித்து’ வைப்பதும் இருக்கிறது. தகரத்தில் வெட்டிய சின்னத்தை வைத்துத் தடவிக்கொண்டே ஒரே இரவில் ஒரு தெருவை முடித்துவிட்டுப் போகிறார்கள். தேர்தல் முடிந்தால் வெள்ளை, அடுத்த தேர்தலுக்கு மறுபடியும். பழைய மண்சுவரின் சட்டம் இன்று உயிரோடு இருப்பது காம்பவுண்டுச் சுவரில் மட்டும்.

வாடகை வீட்டுக்காரர்கள் பாடு தனி. கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது, அதன் பின்னால் ஆலைகள், பட்டறைகள், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் என்று வேலைக்கு வந்தவர்களின் ஊர் இது. பாதிப் பேர் அடுத்தவர் சுவருக்குள் வாழ்கிறவர்கள். ஆணி அடிக்கக் கூடாது, காலண்டர் மாட்ட ஒரு ஆணி முன்பே இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்ளலாம். என் அக்கா மகள் கணபதியில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறாள். அடுப்படிச் சுவரில் அவள் அச்சு வைத்த சேதி ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது.

“ஏனுங் அம்மிணி, செவுத்துல என்னமோ குத்தி வெச்சிருக்கீங்களாமா?”

“பெயிண்ட்தானுங்ணா. காலி பண்றப்ப அடிச்சுக் குடுத்துட்டே போறோமுங்க.”

“அடிக்கறத நாங்க அடிச்சுக்குவோம். அட்வான்ஸ்ல புடிச்சுக்கறோம், அதுக்கென்ன.”

அதுக்கென்ன என்பது கொங்குத் தமிழில் ஒரு கதவு. திறந்ததா மூடியதா என்று கடைசிவரை தெரியாது. அவள் திறந்ததாக எடுத்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்து நான் தெரிந்துகொண்டவை சில. துணியில் அச்சு வைக்கிறவர்கள் மரக்கட்டையை வெட்டுகிறார்கள், மேசையின் மேல் சாக்கும் கம்பளியும் விரித்து மெத்தென்று ஆக்கிக்கொள்கிறார்கள். கட்டை கடினம், மேசை மெத்தை. சுவரில் இது தலைகீழ். சுவரை மெத்தையாக்க முடியாது, ஆகவே அச்சு மெத்தையாக வேண்டும். மரக்கட்டையைச் சுவரில் வைத்தால் சுவரின் மேடுகள் மட்டும் சாயம் வாங்கும், பள்ளமெல்லாம் மொட்டை. இதற்குச் சரியான பொருள் தேய்ந்த ஹவாய் செருப்பு. அடிப்பாகத்தை பிளேடால் வெட்டி, ஒரு மரத்துண்டில் பசை போட்டு ஒட்டிவிட்டால் ஆயுளுக்கும் போதும். காய்கறி அச்சு ஒரு பொழுதுக்குத்தான் தாங்கும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி நீரை எடுக்காவிட்டால் சாயம் ஒழுகும். உருளைக்கிழங்குக்கு மாவுப் பால் வேறு.

வெட்டுவது அவள் கணவர். அவர் பம்ப் பட்டறை ஒன்றுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிறவர். வார்ப்படத்துக்கு மண்ணில் பேட்டர்னை அழுத்தி எடுக்கும்போது மண்ணின் ஓரம் இடியாமலிருக்க, பேட்டர்னின் பக்கவாட்டில் லேசான சரிவு வைப்பார்கள். அதே சரிவைச் செருப்பு ரப்பரிலும் வைத்தார். இதழின் ஓரம் செங்குத்தாகவோ உள்வாங்கியோ இருந்தால் அழுத்தும்போது மடங்கிவிடும், அடி அகன்று சரிவாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும். கோவைப் பட்டறைகளில் தலைமுறையாக இருக்கும் அறிவு அடுப்படிச் சுவரில் ஒரு பூவாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “டிராஃப்ட் வெக்காம எப்படிங் மாமா மண்ணுல இருந்து எடுக்கறது” என்றார்.

சாயத்தைத் தட்டில் ஊற்றித் தோய்க்கக் கூடாது. ஈர ஸ்பாஞ்சில் தடவி, அதில் அச்சை ஒற்றி எடுக்க வேண்டும். முதல் அச்சைச் சுவரில் வைக்காமல் பழைய தினத்தந்தியில் வைக்க வேண்டும். வரிசைக்குக் கொத்தனார்கள் செய்கிற மாதிரி நூலில் காவி தடவி இழுத்துச் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டைப் பிடித்து அச்சு வைத்துக்கொண்டு போனபோதுதான் வீட்டின் லட்சணம் தெரிந்தது. வெறுஞ்சுவராக இருந்தவரை நேராக இருந்த மூலை, பூ ஏறியதும் கோணலைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மேலே முழுப் பூ, கீழே முக்கால், தரையருகே அரைப் பூ. தூக்குக்குண்டுக்குத் தப்பிய கொத்தனார் செருப்பு ரப்பரிடம் மாட்டிக்கொண்டார்.

ஓவியம் வேறு, இது வேறு. நெடுநல்வாடையில் அரசியின் அந்தப்புரச் சுவரில் பல பூக்களோடு படரும் ஒற்றைக் கொடியை எழுதியிருப்பார்கள். அது கைதேர்ந்தவன் வேலை, அரண்மனை கூலி கொடுக்கும். உக்கடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை எழுதுவித்திருக்கும் பிரம்மாண்டமான ஓவியங்களும் அந்த வரிசைதான். அவற்றில் சில நன்றாகவே இருக்கின்றன. சாலையில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். உள்ளே குடியிருப்பவர்களுக்கு அவை தெரியாது, அவர்களுடைய உள்சுவர் எப்போதும் போல இருக்கிறது. அச்சு வரையத் தெரியாதவர்களின் வழி. ஒரு பூவை மோசமாக வெட்டினாலும், அதையே நூறு முறை வைத்தால் சுவர் அதை ஒத்துக்கொண்டுவிடும். திறமைக்குப் பதில் பொறுமை செல்லுபடியாகும் இடங்கள் உலகில் குறைவு, இது ஒன்று.

என் வாதத்துக்கு இடிக்கிற ஓர் இடமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. சுண்ணாம்புக் காளவாயையும் மதுக்கரையையும் தாண்டி அதே சாலையில் கந்தேகவுண்டன் சாவடி வரை போய், வேலந்தாவளம் பக்கம் திரும்பினால் குமிட்டிபதி. அங்கே பதிமலையின் குகையில் வெள்ளை நிறத்தில் யானையும் மனித உருவங்களும் எழுதியிருக்கின்றன. சுமார் 3,000 ஆண்டு பழையவை என்கிறார்கள். அழியும் என்று நினைத்து எழுதினார்களோ, நிற்கும் என்று நினைத்தார்களோ. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் சாயம் ஊதி எடுத்த கைத்தடம் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டு பழையது என்று 2014-இல் கணித்தார்கள். அந்தக் கைக்காரரிடம் எந்தக் கம்பெனியும் உத்தரவாத அட்டை கொடுத்திருக்காது. குமிட்டிபதியில் பழைய ஓவியத்தின் மேலேயே தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் கிறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் காலத்துப் பையன்கள். நிலைக்க வேண்டும் என்ற ஆசையோடு எழுதியவை அவை, குகையிலேயே அசிங்கமானவையும் அவைதான். வீட்டில் ஒரு சுவரில்கூடக் கை வைக்க விடாமல் வளர்த்த பிள்ளைகள் மலைக்குப் போய்க் கை வைக்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. நிரூபிக்க முடியாது.

ஆகவே பெயிண்ட் கம்பெனி விற்கும் ஸ்டென்சிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஹாலின் நடுச்சுவரில் ஆரம்பிக்காதீர்கள், அங்கே பயம்தான் வரும். கதவுக்குப் பின்னால், அடுப்படியில், குளியலறைக்குப் போகும் சந்தில், எதையாவது ஒன்றைப் பிடியுங்கள். மார்கழி நல்ல மாதம், மழை விட்டிருக்கும், வெண்டைக்காய் முற்றினது கேட்டால் கடைக்காரர் சும்மாவே கொடுப்பார். மிச்சப் பெயிண்ட் போதும். பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை எப்படியும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளத்தான் போகிறார். பிடிக்கிற காசுக்குச் சுவரில் ஏதாவது செய்துவிட்டுக் காலி செய்யுங்கள்.